மீனும் கீரையும் ஒரே தண்ணீரில்



நம்மில் பலருக்கு லயத்து வீடுகள் இன்னும் நினைவிலிருக்கும். வீடு சிறியதுதான், ஆனால் வீட்டுக்குப் பின்னால் மண் இருந்தது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலைந்து கத்திரிச் செடி, வேலியோரம் அவரைக் கொடி, மூலையிலே கோழிக் கூண்டு. சம்பளம் பற்றாத மாதத்தில் குழம்புக்கு வழிகாட்டியது அந்த மண்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. தஞ்சோங் ரம்புத்தானைச் சுற்றியும் இதே கதைதான். தோட்டத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்குக் கூரை கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. ஆனால் பின்கட்டு சிமெண்டுத் தரையாகிவிட்டது. இன்று ஒரு கட்டுக் கீரைக்கும் காசு, ஒரு துண்டு மீனுக்கும் காசு.

இந்தச் சிமெண்டுத் தரையிலே மீனும் கீரையும் சேர்த்து வளர்க்க முடியுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். முடியும். ஆனால் அவசரப்பட்டால் முடியாது. இந்த இரண்டாவது பாடத்தை எங்கள் பள்ளியில் நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். ஒரு தொட்டியில் மீன் வளர்கிறது. அதன் கழிவு கலந்த தண்ணீரைச் சிறிய மோட்டார் ஒன்று மேலே உள்ள கல் பாத்திக்கு ஏற்றுகிறது. பாத்தியிலுள்ள செடிகள் அந்தக் கழிவை உரமாக எடுத்துக்கொள்கின்றன. தெளிந்த தண்ணீர் மறுபடியும் மீன் தொட்டிக்கு வந்து சேர்கிறது. மண் வேண்டியதில்லை, தனியாக உரம் வாங்க வேண்டியதும் இல்லை. செடி குடித்ததும் வெயிலில் ஆவியானதும் போக, குறைந்த தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும்.

இது நம் பேராக் மாநிலத்துக்கு முற்றிலும் புதிய செய்தியும் அன்று. கிந்தா பள்ளத்தாக்கிலே ஈயம் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிக் குட்டைகளாயின. சீனத் தோட்டக்காரர்கள் அவற்றில் மீன் வளர்த்தார்கள். கரையிலே காய்கறி பயிரிட்டார்கள். காய்கறிக் கழிவை மீனுக்குப் போட்டார்கள். குட்டை நீரைச் செடிக்கு இறைத்தார்கள். வடக்கே கிரியான் வட்டாரத்தில் 1906ஆம் ஆண்டில் பாசனத் திட்டம் நிறைவேறியது. அங்கே பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கத்து நெல்வயல்களில் செப்பாட் சயாம் என்னும் மீன் நெல்லோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒரே வயல் சோற்றையும் கொடுத்தது, கருவாட்டையும் கொடுத்தது. பின்னர் ஆண்டுக்கு இரண்டு போகமும் அதனோடு பூச்சி மருந்தும் வந்தபோது வயல் மீன் வெகுவாகக் குறைந்துபோயிற்று. செடிக்கென்று தெளித்தது மீனைச் சென்று சேர்ந்தது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இதே முறையைத் தொட்டிக்குள் அடக்கிக் கணக்கோடு நடத்திக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞர். கரிபியன் கடலிலுள்ள வெர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் திலாப்பியா மீனையும் கீரை வகைகளையும் ஒரே நீரில் வளர்த்து, இத்தனை தீவனத்துக்கு இத்தனை செடி என்று அளந்து வைத்தார்கள். 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் சிறு குடும்பங்களுக்கென்றே இதைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. காசா நகரில், மண்ணே இல்லாத மொட்டை மாடிகளில், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் இவ்வாறு மீனும் கீரையும் வளர்த்திருக்கிறார்கள். ஆகவே, இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் பள்ளிக் கதைக்கு வருவோம்.

பள்ளிக் கட்டடத்தின் பின்புறத்தில் 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம். இரண்டு பாத்திகள் கட்டி, அருகிலேயே கிடைத்த வெள்ளைக் கல்லைக் கொட்டினோம். மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் அழகாக ஓடிற்று. அன்றைக்கே 60 திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கி விட்டோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவர்கள் காலையில் தீவனம் போட்டார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஓய்வு வேளையில் போட்டார்கள். மற்ற வகுப்புகளும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பள்ளிக்கு வந்தபோது அறுபது மீனும் வயிறு மேலாக மிதந்தன.

இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தொட்டி ஓரத்தில் நின்று, "சார், நாங்க சாப்பாடு பத்தாம போட்டுட்டோமா?" என்று கேட்டாள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பத்தாமல் அல்ல, மிஞ்சிப்போய்த்தான் அவை செத்தன என்பது எங்களுக்கே பிறகுதான் விளங்கியது.

அன்று மாலை பேரப் பிள்ளையை அழைத்துப்போக ஒரு பாட்டி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏன் வாத்தியாரே, ரப்பர் கன்னு வச்ச மறுநாளே பால் வெட்டுவாங்களா?" என்றார். ரப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது தோட்டத்தில் பிறந்தவர் அனைவருக்கும் தெரியும். தண்ணீருக்கும் அப்படி ஒரு காலம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தக் காலம் எதற்காக? இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

மீன் தின்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாகவும் கழிவை வெளியேற்றுகிறது. இந்தக் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் பொருள் தண்ணீரில் சேர்கிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அதுவேதான். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. செடிக்கும் அது அவ்வளவாக உதவாது. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள் வருகிறார்கள். ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றுகின்றன. அதுவும் மீனுக்கு நஞ்சுதான். மீனின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அதிகக் கேடு செய்யாது. செடிக்கோ அதுதான் சோறு. நாம் தழைச்சத்து என்று உர மூட்டையில் வாங்குவதன் ஒரு வடிவம் அது.

இந்த நுண்ணுயிர்கள் எங்கே குடியிருக்கின்றன? பாத்தியிலுள்ள கல்லின் மேலே, குழாயின் உட்புறத்தில், தொட்டியின் சுவரில். கடையில் வாங்கிய புதுக் கல்லில் அவை இருப்பதில்லை. தாமாக வந்து குடியேறிப் பெருக வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில்கூட அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நாங்கள் அந்தத் தொழிலாளிகள் ஒருவரும் வராத முதல் நாளிலேயே அறுபது மீனின் கழிவை இறக்கி வைத்தோம். அதைச் சுமக்க ஆள் இல்லை. ஆகவே மீன் செத்தது.

இன்னொரு தவறும் எங்களுக்குப் பிறகு தெரியவந்தது. நாங்கள் கொட்டிய வெள்ளைக் கல் சுண்ணாம்புக் கல். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் பலவும் சுண்ணாம்பு மலைகள் அல்லவா? அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டால் அது மெல்லக் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் கடுமையாகும். போதாததற்குத் தண்ணீரிலுள்ள இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமல் போய், இளந்தளிர்கள் மஞ்சளித்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அடுப்படியில் இருக்கும் காடியைக் கல்லின்மேல் சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம். பேசாமல் இருந்தால் அந்தக் கல்லைப் பயன்படுத்தலாம். கருங்கல் ஜல்லி நல்லது.

சரி, நேயர்களே, இனி எப்படி அமைப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, தொட்டி. 500 லிட்டர் கொள்ளும் தோம்பு ஒரு குடும்பத்துக்குப் போதும். பழைய தோம்பாகவும் இருக்கலாம். ஆனால் உணவுப் பொருள் வைத்திருந்த தோம்பாக இருக்க வேண்டும். தோட்டத்தில் மருந்து வந்த தோம்பை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. என்றாலும் பழைய தோம்புகள் இன்னும் எங்காவது மூலையில் கிடக்கக்கூடும். மற்ற மருந்துத் தோம்புகளும் அப்படியே. பத்து முறை கழுவினாலும் அவை உணவுக்கு ஆகா. அந்தத் தண்ணீரில் வளர்வதை நம் பிள்ளைகள் அல்லவா சாப்பிடப் போகிறார்கள்?

இரண்டாவது, பாத்தி. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள பாத்திகள் இரண்டு வேண்டும். ஆழம் 30 சென்டிமீட்டர். அதில் கல் நிரப்பினால் ஒரு பாத்தி ஏறக்குறைய அரை டன் எடை ஆகிவிடும். ஆகவே, மெல்லிய பலகை மேசையில் வைத்துவிடாதீர்கள். சிமெண்டுக் கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மாடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். கீழ்த்தளத்தில் இடமிருந்தால் மட்டும் செய்யலாம்.

மூன்றாவது, தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லும் குளோரின் நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிரையும் கொல்லும். ஆகவே, தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். ஈயக் குட்டைத் தண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுக்கக் கூடாது. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் என்னும் நஞ்சும் கலந்திருப்பதுண்டு; சோதித்துப் பார்க்காமல் அந்த நீரை நம்ப முடியாது.

நான்காவது, மோட்டார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒரு முறை சுற்றவிடும் ஆற்றல் இருந்தால் போதும். 20 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 15 யூனிட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் செலவாகும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை மறக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்பு மழைபடாத இடத்தில், தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். தொட்டியில் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியின்மேல் உறுதியான கம்பி வலை கட்டாயம் வேண்டும்.

இப்போது பாட்டி சொன்ன பாடம். எல்லாம் அமைத்தபின் மீன் வாங்க ஓடாதீர்கள். தண்ணீரை மட்டும் சுற்றவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தேடி நுண்ணுயிர்கள் வந்து சேரும். ஏற்கெனவே நன்றாக ஓடும் அமைப்பு யாரிடமாவது இருந்தால், அங்கிருந்து ஒரு வாளிக் கல் கேட்டு வாங்கிப் பாத்தியில் போடுங்கள், காலம் குறையும். மீன்தொட்டிக் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் சோதிக்கும் மருந்து கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். கடைசியில் நைட்ரேட் தென்படும். முதல் இரண்டும் இல்லையென்று ஆகி மூன்றாவது இருக்கிறது என்று தெரிந்தால், தொழிலாளிகள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். அதன் பிறகே மீன்.

எந்த மீன்? திலாப்பியா நம் வெப்பத்துக்கு ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் ஆட்சியின்போது ஜாவாவிலிருந்து இங்கே வந்தது அதன் ஒரு வகை. அதனால்தான் பெரியவர்கள் அதை ஜப்பான் மீன் என்பார்கள். தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்பதும் இதன் இனந்தான். இப்போது சந்தையில் அதிகம் விற்பது சிவப்புத் திலாப்பியா. மற்றொன்று கெளுத்தி, நம் சந்தையில் கெலி என்று கேட்டால் கொடுப்பார்கள். இது நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக் கூடியது. நம் பக்கத்திலே பிற்பகல் இடிமழை வந்தால் மின்சாரம் போவது புதிதல்ல. மோட்டார் நின்றால் தண்ணீரில் உயிர்க்காற்று குறையும். நெருக்கமாக வளரும் திலாப்பியா சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கும், கெளுத்தி தாக்குப்பிடிக்கும். ஆகவே, முதன்முதலாகத் தொடங்குபவர்கள் கெளுத்தியில் தொடங்குவது நல்லது. திலாப்பியாதான் வேண்டுமென்றால் மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுக் கருவி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். அதுவும் இல்லாத வேளையில், குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஓரளவு காப்பாற்றலாம்.

எத்தனை மீன்? 500 லிட்டருக்கு 15 மீன் போதும். கடையில் பார்த்தால் குஞ்சுகள் விரல் அளவுதான் இருக்கும். இன்னும் நாற்பது வாங்கலாமே என்று மனம் சொல்லும். ஆனால் அவை வளர்ந்தபின் ஆகும் எடையை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 15 மீன் தலைக்கு 400 கிராம் என்றால் 6 கிலோ. இந்த அளவுத் தண்ணீருக்கு அது பொருத்தமான சுமை.

எவ்வளவு தீவனம்? வளர்ந்த மீனுக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு, அதாவது 6 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 60 கிராமிலிருந்து 120 கிராம். குஞ்சாக இருக்கும்போது சில கிராம்தான். இதையெல்லாம் நிறுக்க முடியாதென்றால் ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு வேளையாகப் போடுங்கள். கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். மிஞ்சினால் வலையால் எடுத்துவிடுங்கள். மீன் தீனி எடுக்க மறுத்தாலோ, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ தீவனத்தை உடனே நிறுத்துங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பசியால் மீன் இரண்டு மூன்று நாளில் செத்துவிடாது. மிஞ்சிய சோற்றால் ஓர் இரவில் செத்துவிடும். வீட்டில் தீவனம் போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே இருக்கட்டும்.

எவ்வளவு கீரை? ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது அறிஞர்கள் கண்ட கணக்கு. ஆகவே, மேலே சொன்ன மீனுக்கு இரண்டு சதுர மீட்டர் பாத்தி பொருந்தி வருகிறது. மீட்டருக்கு இருபது செடி வரை நடலாம். முதலில் கங்கோங், சவிக் கீரை, தண்டுக்கீரை, புதினா ஆகியவற்றை நடுங்கள். கங்கோங் மூன்று நான்கு வாரத்தில் வெட்டுக்கு வரும். வெட்ட வெட்டத் தழைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக நட்டால், வாரந்தோறும் சட்டிக்குக் கீரை கிடைக்கும்; தண்ணீரைத் தெளியவைக்கவும் எப்போதும் செடி இருக்கும். மீன் பெரிதானபின் மிளகாய், கத்திரி, வெண்டை, தக்காளி வைக்கலாம். இவற்றுக்குச் சத்து அதிகம் வேண்டும். மீட்டருக்கு ஐந்தாறு செடிக்கு மேல் வேண்டாம். மரவள்ளி போன்ற கிழங்குகளுக்கு இந்தப் பாத்தி ஏற்றதல்ல.

இனிக் கிரியான் வயலை நினைவுபடுத்திக்கொள்வோம். கீரையில் பூச்சி விழும், விழத்தான் செய்யும். அப்போது கடையில் வாங்கிய பூச்சி மருந்தை ஒரே ஒரு முறை தெளித்தாலும் அது கல்லில் இறங்கி, குழாய் வழியாக மீனுக்குப் போய்விடும். சவர்க்காரத் தண்ணீரும் ஆகாது. காலையில் கையால் பூச்சியைப் பொறுக்குங்கள். மெல்லிய வலையால் பாத்தியை மூடுங்கள். புழு விழுந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். அதுபோலவே, உரமாகட்டுமே என்று கோழி எருவைத் தொட்டியில் போடக் கூடாது. அம்மோனியா ஏறுவதோடு, நோய்க் கிருமிகள் கீரையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த அமைப்பில் மீனுக்கென்று ஒரு தண்ணீர், செடிக்கென்று ஒரு தண்ணீர் கிடையாது. எதை ஊற்றினாலும் எல்லாருக்கும் ஊற்றியதாகவே பொருள்.

ஏடிஸ் கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீன் உள்ள தொட்டியில் கொசுப் புழு தங்காது, மீன் தின்றுவிடும். பாத்தியில்தான் கவனம் தேவை. தண்ணீர் மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழேயே இருக்கும்படி வடிகுழாயை அமைத்துவிட்டால், கொசு முட்டையிடத் திறந்த நீர் இராது. மேல் கல் காய்ந்திருந்தால் பாசியும் பிடிக்காது. பக்கத்தில் தேங்கும் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். கொசு வளர இடம் கொடுப்பவர்மீது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியும். அதைவிட, டெங்கிக் காய்ச்சல் முதலில் தாக்குவது நம் வீட்டாரைத்தான். வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கிந்தா ஆற்றிலோ பக்கத்து ஓடையிலோ விடாதீர்கள். ஆற்றில் பிறந்த மீன்களின் இடத்தை இவை பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, இதில் என்ன கிடைக்கும்? நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 15 மீனை வளர்த்தெடுக்க ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். ஒன்பது பத்துக் கிலோ தீவனம் செலவாகும். ஆறு கிலோ மீன் கிடைக்கும். தோம்பு, மோட்டார், குழாய், கல் ஆகியவற்றின் செலவை முதல் ஆண்டு மீன் திருப்பித் தராது. கீரைதான் வாரந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும். இதை வைத்து மாதம் இத்தனை ஆயிரம் வெள்ளி சம்பாதிக்கலாம் என்று யாராவது விலையுயர்ந்த கருவிகளை விற்க வந்தால், கடன் வாங்கி இறங்கிவிடாதீர்கள். நம் குடும்பத்துக்கு இதனால் ஆவது வேறு. நம் கண்முன் வளர்ந்த, மருந்து படாத கீரை வாரத்துக்கு இரண்டு மூன்று கட்டு. எப்போதாவது ஒரு நல்ல மீன் குழம்பு. அரிசி, பால் வாங்கும் காசில் கொஞ்சம் மிச்சம். லயத்து வீட்டுப் பின்புறத்து மண்ணும் நம்மைப் பணக்காரராக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கைகொடுத்தது அல்லவா?

எங்கள் பள்ளித் தொட்டி மறுபடியும் ஓடத் தொடங்கிய கதையைச் சொல்லி முடிக்கிறோம். வெள்ளைக் கல்லை அள்ளிப் போட்டுவிட்டுக் கருங்கல் ஜல்லி போட்டோம். மாணவர்கள் ஒவ்வொரு கல் வகையிலும் காடி விட்டுப் பார்த்தார்கள். பாடநூலில் படித்ததைவிட அது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதிந்தது. அதன் பிறகு நாற்பத்திரண்டு நாள் மீன் இல்லாத தொட்டியைக் காத்துக்கொண்டிருந்தோம். தினமும் ஒரு மாணவர் தண்ணீரைச் சோதித்துக் கரும்பலகையில் எண்ணை எழுதினார். "இன்னுமா சார்?" என்று கேட்காத நாளில்லை. பிறகு 15 கெளுத்திக் குஞ்சு விட்டோம். தீவன டப்பாவைப் பூட்டி வைத்து, வாரத்துக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தோம். பதின்மூன்று மீன் பிழைத்து வளர்ந்தன.

முதன்முதலாக வெட்டிய கங்கோங்கை, அன்று தொட்டி ஓரத்தில் நின்று கேள்வி கேட்ட அந்தச் சிறுமியிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "சார், எங்க வீட்டுப் பின்னால ஒரு பழைய தோம்பு கெடக்குது. அதுல செய்யலாங்களா?" என்று கேட்டார். அதில் முன்பு என்ன இருந்தது என்று நாங்கள் முதலில் கேட்டோம். சமையல் எண்ணெய் என்றார். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்து, சோப்பு வாடையும் போகுமட்டும் பல தடவை அலசிவிட்டுத் தொடங்குங்கள் என்று சொல்லி, எங்கள் பாத்தியிலிருந்து ஒரு வாளிக் கல்லும் கொடுத்தோம். அந்தக் கல்லோடு ஆறு வாரத்து உழைப்பும் அவருடைய வீட்டுக்குப் போயிற்று. உங்கள் வீட்டில் இந்த அமைப்பு நன்றாக ஓடத் தொடங்கியபின், கேட்டு வருபவருக்கு நீங்களும் ஒரு வாளிக் கல் கொடுங்கள்.

இதைச் செய்ய நினைக்கும் நேயர்கள் இந்த வாரம் கல்லைத் தேடுங்கள். காடி விட்டுச் சோதியுங்கள். மீன் வாங்குவதைப் பற்றி ஆறு வாரம் கழித்து யோசிக்கலாம்.